கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறவர்

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாத சனங்கள் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள், வெயிலில் மல்லாந்து கிடக்கிறார்கள், தோல் உரிந்து ஊர் போய்ச் சேருகிறார்கள். நாங்கள் இங்கேயே அல்லவா இருக்க வேண்டும்? என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் என் சின்ன மருமகனின் நீலச் சட்டையைத்தான் எடுத்துக் காட்டுவேன். சாயங்காலம் அவர் அதைக் கழற்றிப் போடும்போது முதுகில் வெள்ளைக் கோடுகளாக உப்பு பூத்திருக்கும். பாதி அவர் உடம்பில் ஊறியது, பாதி கடற்காற்று கொண்டுவந்து ஒட்டியது. எது எவ்வளவு என்று துவைக்கிற என் மகளுக்கே தெரியாது.

அவருக்கு ஏசி பழுது பார்க்கும் வேலை. தெருவில் அவரைக் 'கூலிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டிக்கடைக்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை, "கூலிங் வீட்டுல இருக்காரா?" என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பொருத்தம்தான். கோபப்படத் தெரியாத மனுஷன். என் மகள் கத்துகிற கத்தலில் கூரை பறந்தாலும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

கடல் என்ற சொல் அவர் வாயில் வராது. உப்பு என்பார். "அந்தக் கட்டடம் உப்புக்கு நேரா நிக்குது அத்தை. எந்த மெஷினும் தாங்காது" என்பார். ஏசியில் ஒரு பெட்டி அறைக்குள் இருக்கிறது, இன்னொன்று சுவருக்கு வெளியே தொங்குகிறது. வெளியே இருக்கிற பெட்டியில் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். கடற்காற்று அந்தத் தகடுகளை அரித்துத் தின்றுவிடும். தொட்டால் அப்பளமாய் நொறுங்கும். கரையோரத்து உயரமான கட்டடங்களில், கடலைப் பார்த்த விளிம்பில் நின்றுகொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அந்தத் தகடுகளைக் கழுவுவது அவர் வேலை. முகம் பெட்டிக்குள், முதுகு கடலுக்கு.

"உனக்கென்னப்பா, நாள் முழுக்கக் கடலைப் பாத்துக்கிட்டு வேலை" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார்.

"நான் எங்கே பாக்கறேன்? அதுதான் என்னைப் பாக்குது" என்றார் மாப்பிள்ளை.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை ஒரே பஸ் நிறுத்தம். நடுவில் உயரக் கட்டடங்கள் வரிசையாக மறைத்து நிற்கின்றன. எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் ஏசி இருக்கிறது. செத்துப்போன மூன்று ஏசிகளிலிருந்து உறுப்பெடுத்து அவர் ஒன்றாக்கியது. போட்டால் பழைய பஸ் மேடேறுகிற மாதிரி உறுமும். ஆனால் குளிரும். மத்தியானத்துக்கு மேல் குடும்பமே அந்த அறைக்குள்தான். மகள் அங்கே உட்கார்ந்து காய் நறுக்குவாள், பேத்தி வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் சுவரோரம் சாய்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி உப்போ சீனியோ கேட்டு வந்தால் கேட்டதை மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். எங்கள் கடற்கரை அதுதான்.

காலையில் பள்ளிக்கூடமும் வேலையும் துரத்துகின்றன. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாயங்காலம் உடம்பு பாயைத் தேடுகிறது. விடுமுறை நாளில் போகலாமே என்பீர்கள். வெயில் காலத்தில் ஏசிக்காரருக்கு ஏது விடுமுறை? பெண்கள் துணியோடு நனைந்து, அப்படியே சொட்டச் சொட்டப் பஸ் ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். எங்கள் தெருவில் யாருக்கும் நீந்தவும் தெரியாது. சொல்லிக்கொள்ள வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டது என் பேத்தி மட்டும்தான்.

அவளை நாங்கள் வாயாடி என்போம். மூன்றாம் வகுப்பு. அவள் வகுப்பில் மலைப்பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு வேலையில் இடமாற்றமாம், கரையோரக் கட்டடத்தில் வீடாம். அந்தப் பெண் கடலைப் பற்றி வாயைப் பிளந்து கேட்டிருக்கிறாள். எங்கள் வாயாடி சும்மா இருப்பாளா? "நான் இந்த ஊர்லயே பொறந்தவ. தினமும் நீந்துவேன். அலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போவேன்" என்று அளந்து விட்டுவிட்டாள்.

மலைக்காரப் பெண் அதை அப்படியே நம்பிவிட்டாள். தன் பிறந்த நாளுக்கு வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கேக் வெட்டிவிட்டு எல்லோரும் கடலில் இறங்க வேண்டும், வாயாடி முன்னால் நீந்திக் காட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

வாயாடிக்குச் சோறு இறங்கவில்லை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"காய்ச்சல்னு சொல்லிடலாமா பாட்டி?"

"ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யா? அதுக்கும் சேர்த்து நீந்தணும்டி."

"எல்லாரும் சிரிப்பாங்க. இனிமே நான் என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க."

அவளுக்கு அதுதான் பெரிய பயம். பேச்சை வைத்துப் பிழைக்கிறவளுக்குப் பேச்சு செல்லாமல் போனால் என்ன மிச்சம்?

என் மகள் கேட்டவுடன் கரண்டியைத் தூக்கினாள். மாப்பிள்ளை வழக்கம் போல நிதானமாகக் கையைக் கழுவினார். "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரு தடவை தண்ணியைத் தொட்டுட்டா பயம் விட்டுடும்" என்றார்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்றாள் மகள்.

"ஏசியைத் தண்ணி ஊத்திக் கழுவத் தெரியும்."

"அப்போ பிள்ளையை ஏசியில இறக்குங்க."

கடலுக்கு உச்சி வெயிலில் போகிற புத்தி கடல் தெரிந்தவர்களுக்கு வராது. எங்களுக்கு வந்தது. அவருக்குக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். மகள் குடை எடுத்தாள், நான் போர்வை எடுத்தேன், அவர் தோளில் எப்போதும் தொங்குகிற வேலைப் பை. எங்கிருந்து கூப்பிடுவார்களோ என்று அதை விட்டுப் போக மாட்டார்.

மணலில் கால் வைத்ததும் தோசைக்கல்லில் நிற்கிற மாதிரி இருந்தது. செருப்புக்குள் மணல் புகுந்து சுட்டது. வெளியூர்க்காரர்கள் மேல் மணலில், பெரிய பெரிய குடைகளுக்குக் கீழே படுத்திருந்தார்கள். நாங்கள் குதித்துக் குதித்துக் கீழே ஓடினோம். அங்கே, தண்ணீரை ஒட்டி, ஈர மணல். கெட்டியாக, சில்லென்று, பெருக்கித் துடைத்த தரை போல இருந்தது. ஒரு ஆள் இல்லை.

"இவ்வளவு நல்ல இடத்தை விட்டுட்டு எல்லாரும் ஏங்க மேலே வேகறாங்க?" என்றாள் மகள்.

"விவரம் தெரியாதவங்க" என்றேன் நான். சொன்னது நான்தான், மறைக்க மாட்டேன். போர்வையை விரித்தேன். செருப்புகளை வரிசையாக வைத்தோம். அவர் பையை நடுவில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்தார். வாயாடி கால் பெருவிரலை நீட்டி நுரையைத் தொட்டாள். சிரிக்கக்கூடத் தொடங்கினாள்.

அடுத்த அலை எங்களிடம் சொல்லிக்கொண்டா வரும்? இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போனது. செருப்புகள் அதன் பின்னாலேயே போயின. பை உருண்டது. கோபப்படத் தெரியாத மனுஷன் அப்போதுதான் கத்தி நான் கேட்டேன். முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்து பையைப் பிடித்துவிட்டார். மேலே படுத்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வாயாடி குடைக்குள் ஒளிந்துகொண்டு அழுதாள். "அப்பா பையையே இழுத்துட்டுப் போகுதே, என்னை விடுமா?" என்றாள். வெறுங்காலோடு, தார் ரோட்டில் துள்ளித் துள்ளி பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். "நனைஞ்சவங்க உக்காராதீங்க, நின்னுக்கிட்டே வாங்க" என்றார் கண்டக்டர். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை பைக்குள் இருந்ததை எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துப் பாயில் பரப்பினார். "வெளியே அரிச்சது போதாதுன்னு வீட்டுக்குள்ளயும் கொண்டுவந்துட்டேன் அத்தை" என்று மட்டும் சொன்னார்.

பிறந்த நாள் வந்தது. காலையிலேயே அவருக்கு ஒரு அழைப்பு. கரையோரக் கட்டடத்தில் ஏசி குளிரவில்லையாம், விருந்தாளிகள் வருகிறார்களாம், உடனே வர வேண்டுமாம். வீட்டு அடையாளத்தைச் சொன்னபோது வாயாடி, "அதே வீடுதான்ப்பா!" என்றாள். எப்படியும் போக வேண்டியதுதானே என்று அவளும் நானும் அவரோடேயே கிளம்பினோம்.

மலைக்காரப் பெண்ணின் அம்மா வியர்வையில் குளித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "கேக் உருகுது அண்ணே. சரியாகலைன்னா பரவாயில்லை, பிள்ளைங்களை நேரா கடலுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள்.

வாயாடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக விளிம்பில் இறங்கினார். தகடுகளின் மேல் உப்பு ஏடாகப் படிந்திருந்ததாம். பிரஷ்ஷும் தண்ணீருமாக அவர் கழுவிய கழுவலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்.

ஏசி ஓடியது. அவர் உள்ளே வந்து ரிமோட்டை எடுத்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் இருபத்து நாலில் வைத்துவிட்டு, "இதுக்குக் கீழே இறக்காதீங்க, மெஷினுக்குக் கேடு" என்று பாடம் நடத்துகிறவர் அவர். அன்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். பதினாறில் வைத்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று சொல்லி மறுபடியும் வெயிலில் இறங்கிப் போய்விட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

பிள்ளைகள் வந்தார்கள், கேக் வெட்டினார்கள். அறை பனிக்கட்டியாகிவிட்டது. ஒருத்தி போர்வை கேட்டாள், நான்கு பேர் அதற்குள் புகுந்துகொண்டார்கள். "கடலுக்குப் போலாமா?" என்று மலைக்காரப் பெண் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை.

"வெளியே சுடும்."

"இங்கேயே நல்லா இருக்குது."

வாயாடி தப்பித்துவிட்டாள் என்று நான் மூச்சு விட்டேன். மலைக்காரப் பெண் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். நீந்துவதற்கென்று வாங்கிய புது உடுப்பைப் போட்டிருந்தாள்.

"நீதானே தினமும் போறவ? நீ வான்னு சொன்னா எல்லாரும் வருவாங்க. நான் இங்க வந்ததுலேருந்து கடல்ல இறங்கினதே இல்லை. கூட்டிட்டுப் போக யாருக்கும் நேரமில்லை. இன்னைக்கு உன்னை நம்பித்தான் இருந்தேன்."

வாயாடி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றாள் வாயாடி. "சும்மா சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் போனேன். எங்க பாட்டி ஈரத்துல போர்வையை விரிச்சாங்க. அலை வந்து எல்லார் செருப்பையும் கொண்டுபோயிடுச்சு. அப்பா பைக்குப் பின்னாடியே தண்ணிக்குள்ள விழுந்தாரு."

என்னையும் சேர்த்துச் சந்தியில் நிறுத்திவிட்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கியது. அப்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு பையன், "நான் போனதே இல்லை" என்றான். "நான் எங்க மாமா கல்யாணத்தப்போ காருக்குள்ள இருந்து பாத்தேன்" என்றாள் இன்னொருத்தி. இந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும். மலைக்காரப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது" என்றாள் வாயாடி. "ஆனா எங்க உக்காரக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். வெயில் சாயட்டும், காட்டறேன்."

ஜன்னலைத் திறந்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்து இருபத்து நாலில் வைத்தார். "இதுக்குக் கீழே இறக்காதீங்கம்மா, மெஷினுக்குக் கேடு" என்று அந்த அம்மாளிடம் சொன்னார்.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் கீழே போனோம். வாயாடி முன்னால் நடந்து, "செருப்பு இங்கே. இதுக்குக் கீழே யாரும் எதையும் வைக்காதீங்க" என்று அதிகாரம் பண்ணினாள். எல்லோரும் கேட்டார்கள். பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். அலை வரும்போதெல்லாம் அத்தனை பேரும் ஒன்றாகப் பின்னால் ஓடினார்கள். நீந்தியவர் யாரும் இல்லை. மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்றார். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. ஆனால் கடலைப் பார்த்துத்தான் நின்றார்.

"எப்படி இருக்குது மாப்பிள்ளை?"

"பெரிசாத்தான் இருக்குது அத்தை" என்றார். அதற்குள் போன் அடித்தது. இன்னொரு கட்டடம். போய்விட்டார்.

அதற்குப் பிறகு போனீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. வெயில் இன்னும் தணியவில்லை. மலைக்காரப் பெண் இப்போது சில சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அந்த உறுமுகிற ஏசிக்குக் கீழே வாயாடியோடு படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் சுவரோரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறேன்.