மைக்கக்காவின் சாட்சி

வாடகை நாற்காலிகளை ஏற்றி இறக்க ஆள் உண்டு. கழுவ மட்டும் மைக்கக்கா யாரையும் விடமாட்டாள். அன்றைக்கு இரண்டாம் தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பளபளவென்று அடுக்கியவை, விடிவதற்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் பூசிக்கொண்டு நின்றன. ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் நாற்காலியும் மைக்கும் அவள் வீட்டிலிருந்துதான் போகும். அன்றைய கூட்டம், அதே நிலையத்தை விரிவாக்குவது பற்றிய கருத்துக் கேட்பு.

அவள் அண்ணன் வந்தார். ரொம்ப காலமாக இந்த வாசலை மிதிக்காதவர். எவன் வீட்டுச் சண்டையிலும் நடுவில் போய் நிற்பதால் ஊர் வைத்த பேர் சமாதானம்.

"என்னம்மா, நீயே கழுவுற? கை வலிக்கப் போவுது."

"வலிக்கட்டும். தூசியே வராதுன்னு சொன்னீங்களே, பின்ன இது என்னதான்னு தேய்ச்சுப் பாக்குறேன்."

அண்ணன் சிரித்து மழுப்பினார்.

நிலையம் வருவதற்கு முன்னால் நடந்த கூட்டத்தில் இவள் எழுந்து, "சாம்பலை எங்க கொட்டுவீங்க?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் மைக்கைப் பிடுங்கியவர் இந்த அண்ணன்தான். "என் தங்கச்சி கொஞ்சம் படபடப்புக்காரிங்க. எங்க எல்லாருக்கும் சம்மதம். தூசு துரும்பு வராது, நான் பொறுப்பு" என்றார். கூடமே சிரித்தது. மைக் அவளுடையது, பிடுங்கிய கை கூடப் பிறந்தது. அண்ணனுக்கு நிலையத்தில் லாரிக் குத்தகை கிடைத்தது. இவளுக்கு வீட்டின் பின்புறம் சாம்பல் மேடு. மூச்சிரைப்பு தாங்காமல் புருஷன் தன் அக்கா வீட்டோடு போய்விட்டான். எப்போதாவது விருந்தாளி மாதிரி வருவான், வாசலிலேயே இருமத் தொடங்குவான். கழுவிக் கவிழ்த்த தட்டை மறுபடி துடைத்துத்தான் அவனுக்குச் சோறு போடுவாள். அழுகையெல்லாம் வடிந்துவிட்டது. கூடம் சிரித்த அந்தச் சிரிப்பை மட்டும் ஊறுகாய் மாதிரி ஊறவைத்திருந்தாள்.

இப்போது இரண்டாவது மேடு வரப்போகிறது, அண்ணன் தோட்டத்தை ஒட்டி.

"பக்கத்துல குடியிருக்கவங்க சொன்னாத்தான் எடுபடுமாம்" என்றார் அண்ணன். "மேட்டை ஒட்டி இருக்கறது உன் வீடு ஒண்ணுதான். நீ எழுந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்மா, புது மேடு நின்னுடும்."

"எழுந்திரிக்கிறேண்ணே."

"அதானே! தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க."

சதை ஆடத்தான் செய்தது, அவளுக்கு. அவர் நினைத்த தாளத்துக்கு ஆடவில்லை.

பள்ளிக்கூடக் கூடம் நிறைந்திருந்தது. "மேட்டுப் பக்கம் குடியிருக்கிறவங்க யாராவது வந்திருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார். முன்வரிசையிலிருந்து அண்ணன் திரும்பிக் கண் காட்டினார். மைக்கக்கா எழுந்தாள்.

"நான்தாங்க. ஆனா எனக்குப் பேச வராது, படபடப்புக்காரி. போன தடவை எனக்கும் சேத்து எங்கண்ணன்தான் பேசினார். பொறுப்பும் அவரே எடுத்துக்கிட்டார். தூசி வருதா வரலையான்னு அவரே சொல்லட்டுங்க. அவர் வார்த்தைதான் என் வார்த்தை."

சொல்லிவிட்டு, நடந்து போய் மைக்கை அண்ணன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

அவர் எழுந்தார். வருகிறது என்றால் அன்று சொன்னது பொய். வரவில்லை என்றால் தோட்டம் போச்சு.

"அது வந்துங்க... கொஞ்சம் வருது... அப்ப வரலை..."

"என்ன சமாதானம், தூசு துரும்பு வராதுன்னு நீங்கதானே பொறுப்பு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூடம் சிரித்தது. அண்ணன் காது மடல் சிவப்பதை மைக்கக்கா பசித்தவள் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஆளுக்கேத்த மாதிரி இல்லீங்க, நாளுக்கேத்த மாதிரி பேசுறீங்க. இதை நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றார் அதிகாரி. பிறகு இவள் பக்கம் திரும்பினார். "அம்மா, அவரை விடுங்க. உங்க வீட்ல என்ன நெலமைன்னு நீங்க சொல்லுங்க."

புருஷனின் இருமல் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

அருகில் வசிப்போரிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று எழுதச் சொல்லிவிட்டு அதிகாரி எழுந்தார்.

கூட்டம் கலைந்தது. அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். அண்ணி மட்டும் நின்று, இவளோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்கினாள். மேடு வந்த புதிதில் தூசிக்குப் பயந்து இவள் துணிகளைத் தன் வீட்டில் காயப்போட இடம் கொடுத்தவள்.

"அவரைச் சந்தி சிரிக்க வெச்சே. வேணும் அவருக்கு. நானா இருந்தாலும் செஞ்சிருப்பேன்" என்றாள் அண்ணி. "ஆனா கடைசியா அந்த அதிகாரி உன்னைத் தனியாக் கேட்டாரே, அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமில்ல? அந்தச் சாம்பலை அவர் மட்டுமா திங்கப் போறார்? நானும் என் பிள்ளைங்களும் உனக்கு என்ன பண்ணோம்?"

மைக்கக்கா முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சிவந்த காது மடல் இன்னும் கண்ணுக்குள் நின்றது. அதை விட்டுப் பார்வையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அண்ணி கையிலிருந்த நாற்காலியை அடுக்கின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.