சாக்லேட்டுக்கு ஒரு குளிர்ந்த இடம்

இந்த ஜெர்மன் ஊருக்கு வந்த புதிதில், நான் ஃபிரிட்ஜில் வைக்கும் சாக்லேட் மறுநாள் அடுக்களை அலமாரியில் இருக்கும். திரும்ப உள்ளே வைப்பேன். திரும்ப வெளியே வந்துவிடும். ஒருநாள், எனக்கு ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, மூக்கைச் சுளித்து, "நைன், நைன்" என்று, கூடவே கூடாதெனத் தலையாட்டினார். நம் நெத்திலிக் கருவாட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டு, அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டைக் குப்பையில் கொட்டினேன். அவர் சொன்னதோ சாக்லேட்டை! ஃபிரிட்ஜில் வைத்தால் பக்கத்திலிருக்கும் வாடையை அது இழுத்துக்கொள்ளுமாம். வெளியே எடுத்ததும் வியர்க்குமாம். காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டுமாம். மேலே வெள்ளை படிந்தால் அது பூசணமில்லை, பயப்படாமல் தின்னலாம் என்பதையும் அவரிடம்தான் கற்றேன்.

கற்றதோடு விட்டேனா? சித்திரை வெயிலில், சிக்கல் என்ற எங்கள் கிராமத்திலிருந்து அய்யா, என் அப்பா, போன் செய்தார். நான் கொடுத்துவிட்ட சாக்லேட் முழுக்க வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிட்டதென்றும், குப்பையில் கொட்டிவிட்டதாகவும் சொன்னார். எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாக்லேட்டை உடனே தின்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்க ஃபிரிட்ஜில் கிடக்கும். வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் கூழாகிவிடும், பாவம் அவர் என்ன செய்வார்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எத்தனை தடவை சொல்வது, ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டுமென்று கத்தினேன். அய்யாவிடம் அதற்கு முன் குரலை உயர்த்தியதே இல்லை. அவர் மெதுவாகக் கேட்டார்:

"சரிப்பா. குளுந்த எடத்துக்கு நா எங்கன போக?"

யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். மனசு உறுத்தியது. ஊருக்குப் போன நண்பனிடம் இன்னொரு பெட்டி கொடுத்துவிட்டேன். அது வந்து சேர்ந்ததை அம்மாதான் சொன்னாள். நான் அய்யாவைக் கூப்பிட்டுப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவது வாரம், வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வெயிலில் எனக்காக எத்தனை நேரம் வைத்திருப்பார்கள்? நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், அம்மா என்னை அடுக்களை மூலைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஈர மணல் பரப்பி, அதன்மேல் தண்ணீர்ப் பானை. பானையை நகர்த்தி மணலைத் தோண்டி, பிளாஸ்டிக் பையால் இறுக்கிச் சுற்றிய எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்தாள்.

"காலையிலயும் சாயந்தரமும் மணல்ல தண்ணி ஊத்துவாரு. என்னையத் தொடவிட மாட்டாரு. நீ வாரப்ப தொறந்து காட்டணும்னாரு."

திறந்தேன். லேசாக இளகியிருந்ததே தவிர, ஒரு பொட்டு வெள்ளை இல்லை, ஒரு வாடை இல்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. சரியா வச்சிருக்கீக அய்யா என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மணலை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். போனில் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அம்மாவின் தோளில் முகத்தை வைத்து, சின்னப்பிள்ளையைப் போல் அழுதேன்.

பாதியை எடுத்துக்கொண்டு வந்தேன். மீதிப் பாதியை அம்மா அதே மணலில் புதைத்துவிட்டாள். என் பாதி இங்கே அலமாரியில் இருக்கிறது. தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. போன ஞாயிறு பேசும்போது, இப்போதும் இரண்டு வேளையும் மணலில் தண்ணீர் ஊற்றுகிறேன், செய்வது சரிதானா என்று அம்மா கேட்டாள். அங்கே அடிக்கிற வெயிலுக்கு அது எப்போதோ கெட்டுப்போயிருக்கும்.

"சரிதாம்மா, ஊத்துங்க" என்றேன்.