இடது கன்னத்துக் கஞ்சி

நான் உயிரியல் நடத்திய பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த பொன்னுதுரைக்குக் கை அவ்வளவு நிதானம். தவளையை அறுத்தால் ஒரு நரம்புகூடச் சேதமாகாது. ஐம்பத்தேழு ஜூலையில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது.

காரணம் எனக்குத் தெரியும். அவர் மனைவி சந்திரமதிக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்து, நாக்கும் கோணிவிட்டது. காஜா பெராங் பகுதியிலிருந்த வீட்டில் அவர்தான் கஞ்சி ஊட்டுவார். வாய்க்கு வாய் புரையேறி அந்த அம்மாளுக்கு மூச்சுத் திணறும். உடம்பு பாதியாகிவிட்டது. இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால் மூக்கில் குழாய்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். குழாய் போட்டால் பிழைக்கமாட்டாள் என்று இவராகவே முடிவுகட்டி, தூக்கத்தைத் தொலைத்திருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், சீமையிலிருந்து வந்த சாலமாண்டரை மேசையில் கிடத்தினோம். பார்வைக்குப் பல்லி, இனத்தில் தவளைக்கு உறவு. இரை பிடிக்கும் நாக்குத் தசைகளை இயக்கும் நரம்பை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். கத்தி வழுக்கியது. வலது நரம்பு துண்டாகிவிட்டது.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"கண்ணு எங்கய்யா இருக்கு? வந்ததே ஒண்ணுதான்!"

பொன்னுதுரைக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"சரி விடுங்கண்ணே, இடது பக்கத்து நரம்பு இருக்கு. வலது நரம்பு போனா நாக்குல வலது பாதிதான் படுத்துக்கும். இடது பாதி வேலை செய்யும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மனுசனுக்கும் அப்படியா சார்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஏன்?"

"நான் வலது கன்னத்துலதான் ஊட்டுறேன் சார். சோறு ஊட்டுறது, இடது பக்கம் ஆகாதுன்னு..."

இரண்டு மாதமாகத் தினமும் "எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தவன் நான். எந்தப் பக்கம் ஊட்டுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நரம்புப் பாடம் நடத்துகிறவன் வேறு!

சாலமாண்டரை அப்படியே போட்டுவிட்டு இருவரும் சைக்கிளை எடுத்தோம். வழியில் பண்டார் ஹிலிர் தெருக்களில், நாட்டுக்கு வரவிருந்த சுதந்திரத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

பொன்னுதுரை மனைவிக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அரைக் கரண்டிக் கஞ்சியை இடது கன்னத்தில் விட்டார். கரண்டி பல்லில் தட்டியது. தொண்டை ஏறி இறங்கியது. இருமலுக்காகக் காத்திருந்தோம்.

இருமல் வரவில்லை. சந்திரமதி வாயைத் திறந்தார்.

"இன்னும் கேக்குறா சார்" என்றார் பொன்னுதுரை.