அம்மா ஆடிய வெள்ளிக்கிழமை

வலைப்பயிற்சியில் எழும்பி வந்த பந்து என் மகளின் ஹெல்மெட்டில் 'டொக்' என்று மோதியது. அவள் சிரித்தாள். எனக்கு துபாயில் நாங்கள் இருந்த சத்வாவின் மணல் மைதானம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை காலைகளில் அப்பாவின் ஆபீஸ்காரர்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். யாரிடமும் ஹெல்மெட் கிடையாது. கம்பெனி பஸ் ஓட்டும் யூசுப் பாய் பந்து போட வந்தால் பாதிப் பேருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிடும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஓர் ஆள் குறைந்தது.

"நான் ஆடுறேன். காலேஜ் டீம்ல இருந்தேன்ல" என்று என்னோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்தாள். அப்பாவுக்கே அது புதுச் செய்தி.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். யூசுப் பாய் மரியாதைக்காக மெதுவாகப் போட்டார். அம்மா அதைத் தொடாமல் விட்டாள். "பாய், ஜல்தி டாலோ!" என்று வேகமாகப் போடச் சொல்லி அதட்டினாள்.

அடுத்த பந்து வேகமாக வந்து தோளில் பட்டது. அப்பா பதறி ஓடினார். "போதும், வந்துரு!"

"அங்கேயே நில்லுங்க. நீங்க ஓடி வந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

மறுபடியும் பந்து முகத்துக்கு நேரே எகிறியது. அம்மா குனியவில்லை. மட்டையை ஒரே சுழற்று சுழற்றினாள். பந்து மைதானத்தைத் தாண்டிப் போய், மூடியிருந்த தையற்கடையின் ஷட்டரில் இடித்தது. "வாஹ், பாபி!" என்று அண்ணி முறை வைத்துக் கத்தியவர் யூசுப் பாய்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவின் தோள் வீங்கியிருந்தது.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்குதுடி" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "அடுத்த வாரமும் ஆள் குறையுமான்னு உங்கப்பாகிட்ட கேளு."