வேதா வீட்டுக்கு வெள்ளை அடித்த கதை

வேதாவுக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. அதை வைத்துக்கொண்டே படித்து, தேர்வு எழுதி, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளராகிவிட்டாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா கஸ்தூரிக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. திருவண்ணாமலையில் ஜாக்கெட் தைக்கும் அவள், அளவு கொடுக்க வரும் ஒருத்தியையும் தங்கச்சியின் உத்தியோகத்தைச் சொல்லாமல் அனுப்பியதில்லை.

இத்தனை நாளும் வேதா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். இப்போது ஆபீசுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தனியாக இருக்கப் போவதாகச் சொன்னாள். அம்மா மணியம்மாளுக்கு அது ஆகவே இல்லை. தங்கச்சிக்காகக் கஸ்தூரிதான் மல்லுக்கு நின்றாள். கடைசியில் அம்மா இறங்கி வந்தாள். ஆனால் பால் காய்ச்சுகிற அன்றைக்குத் தான் வந்து பார்ப்பதாகவும், தன் கண்ணெதிரே வேதா எங்கேயாவது முட்டிக்கொண்டால் கையோடு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவதாகவும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

வேதா பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தாள். போனில், “நீயே வெள்ளை அடிச்சி வச்சிடுக்கா,” என்றாள்.

எந்த நிறம் பூசினாலும் அதை வெள்ளை அடிப்பது என்றுதான் ஊரில் சொல்வார்கள். கஸ்தூரிக்கும் அது தெரியும். ஆனாலும் தங்கச்சி வாயிலிருந்து வந்த சொல் நூலிழை பிசகக் கூடாது என்று வெள்ளையையே வாங்கினாள். வேதா சுவரைத் தடவிக்கொண்டே நடப்பவள். கை அழுக்குப் படியும், துடைத்தால் போக வேண்டும். அதனால் கடையில் இருந்ததிலேயே நன்றாகப் பளபளக்கும் ஆயில் பெயிண்டைக் கேட்டாள். ரூமுக்குள் இது ஜாஸ்தியாக மின்னும் என்று பெயிண்டர் பரசுராமன் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை. கதவு, நிலை எல்லாவற்றுக்கும் அதையே அடிக்கச் சொன்னாள்.

வேதா வந்ததும் கஸ்தூரி டியூப் லைட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். இரண்டடி வைத்த வேதா, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு சமையலறைக்கு என்று கிளம்பி, நேரே போய்ச் சுவரில் முட்டினாள்.

“என்னக்கா, மாவு மில்லுக்குள்ள கொண்டாந்து உட்ட மாதிரி இருக்குது?”

“நீதானடி வெள்ளை அடிக்கச் சொன்ன?”

“சொன்னேன். நல்லவேளை, பால் காய்ச்சலாம்னு சொன்னதுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கி வைக்காம இருந்தியே.”

கஸ்தூரிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா பார்த்திருந்தால் இந்நேரம் பெட்டியைத் தூக்கியிருப்பாள். வேதா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாணத்துல சாட்டின் ஜாக்கெட் மேல போட்டோ லைட் அடிச்சா கண்ணு கூசும் இல்ல? எனக்குச் செவுரு பூரா அப்படி இருக்குது. காட்டன் மாதிரி மங்கலா வேணும்க்கா. கதவும் செவுரும் ஒண்ணா இருக்கக் கூடாது. பார்டர் வச்ச மாதிரி தனியாத் தெரியணும்.”

துணியாகச் சொன்னதும் கஸ்தூரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் பெயிண்ட் கடைக்குப் போனார்கள். வேதா கலர் அட்டையை வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து, முகத்தோடு ஒட்டிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மின்னியதை எல்லாம் தள்ளினாள். மங்கலான மேட் வகையில் சிலவற்றைத் தேய்த்தால் திட்டுத் திட்டாகிவிடும் என்றார் கடைக்காரர். ஈரத்துணியால் துடைக்கக்கூடிய மேட் எமல்ஷன் இருக்கிறதா என்று கஸ்தூரி கேட்டு வாங்கினாள். சுவருக்கு வெளிர் சந்தனம், கதவுக்கும் நிலைக்கும் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம். அட்டையை மட்டும் நம்பாமல், வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரத்திலும் டியூப் லைட்டுக்குக் கீழேயும் கையகலம் பூசிப் பார்த்த பிறகுதான் வேதா தலையாட்டினாள்.

மினுமினுப்பின் மேல் அப்படியே அடித்தால் உரிந்து வந்துவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர் அடிக்க வேண்டும் என்றார் பரசுராமன். கஸ்தூரி தையலை ஓரம் கட்டிவிட்டு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தானும் தேய்த்தாள். சுவிட்ச் போர்டுகளைச் சுற்றிக் காப்பி நிறத்தில் கட்டம் போட்டது அவளுடைய யோசனை.

பால் காய்ச்சிய அன்று மணியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேதா டம்ளரோடு சமையலறையிலிருந்து புறப்பட்டாள். நிலைக்கு நேரே வரும்போது அம்மாவின் கை தானாக நீண்டது. வேதா நிலையைத் தாண்டி வந்து, நீண்டிருந்த அந்தக் கையிலேயே டம்ளரைக் கொடுத்தாள்.

மணியம்மாள் பாலைக் குடித்து முடித்தாள். பிறகு சுவரைத் தடவிப் பார்த்து, அழுக்கானால் துடைத்தால் போகுமா என்று கேட்டாள். போகும் என்றாள் கஸ்தூரி.

பொழுது சாய்ந்தும் அம்மா எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கெளம்பும்மா,” என்றாள் வேதா. “இருட்டுனா உனக்குத்தான் பஸ் போர்டு தெரியாது.”

கஸ்தூரி அம்மாவோடு தெருவில் இறங்கினாள். நான்கைந்து வீடு தாண்டியதும் மணியம்மாள் நின்று திரும்பினாள்.

“தாப்பா போட்டுக்கோ,” என்று குரல் கொடுத்தாள்.

காப்பி நிறக் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. அதன் பிறகுதான் அம்மா பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.