சாய ஆலையில் எட்டுக் குடும்பங்கள்

கலியமூர்த்தி ஃபைலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டார். எங்கள் நகராட்சி ஆபீசில் கட்டடப் பிரிவு குமாஸ்தா, எனக்குப் பக்கத்து மேசை. பழைய தாளில் ஒருவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தால், அந்த ஆளே நேரில் வந்து கும்பிட்டாலும் இவருக்கு அவர் காலஞ்சென்றவர்தான். இப்படிப்பட்டவரோடு மங்கலம் எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ, நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

1964-இல் பம்பாயிலிருந்து திரும்பிய சக்கரபாணி, கடலூர் முதுநகரில் பூட்டிக் கிடந்த வெள்ளைக்காரன் காலத்து அவுரிச் சாய ஆலையை வாங்கி எட்டு வீடுகளாகத் தடுத்தார். வீட்டுக்கு வீடு தனி மொட்டை மாடி. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் சுவரில் நீலம் கசிந்துகொண்டே இருக்கும், அது ஒன்றுதான் குறை. மூன்றாம் நம்பருக்குக் கலியமூர்த்தி குடிவந்தார், நாலாம் நம்பருக்கு நான். தனக்கென்று ஒரு மாடி கிடைத்ததில் மங்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. வந்த மறுநாளே வடாம் பிழிந்து காய வைத்துவிட்டாள்.

வில்லங்கம் அந்தக் கட்டடத்தின் ஃபைலில் இருந்தது. அட்டையில் ‘தொழிற்சாலை’ என்று போட்டிருந்தது. அதை ‘குடியிருப்பு’ என்று மாற்ற மூலப் பத்திரம் வேண்டும். அது சிதம்பரத்தில் யாருடைய பெட்டியிலோ கிடந்து கரையானுக்குப் போய்விட்டது. கலியமூர்த்தி அட்டையைத் தொடாமலே ஃபைலை மேலே அனுப்பினார். ஒரே மாதத்தில் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் நடனசபாபதி வந்து நின்றார்.

“பொம்பளைங்க ராத்திரி ஏழு மணிக்கு மேல தொழிற்சாலையில இருக்கக்கூடாது. சட்டம். மீறினா சீல் வச்சிடுவேன்.”

“சார், இது வூடு சார்!” என்று கத்தினேன்.

“ஃபைல்ல அப்பிடி இல்லியே” என்று பதில் வந்தது. சொன்னவர் இன்ஸ்பெக்டர் இல்லை, கலியமூர்த்தி.

அன்று முதல் எட்டு வீட்டுப் பெண்களும் ஆறே முக்காலுக்குப் பாயும் தலையணையுமாகக் கிளம்பி, எதிர்த்தெரு தைலம்மாள் வீட்டுக்குப் படுக்கப் போனார்கள். காலை ஆறு மணிக்குத் திரும்பி வந்து, இன்ஸ்பெக்டர் வாசலில் வைத்துவிட்டுப் போன வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்புப் பற்றவைத்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தீயணைக்க மணல் நிரப்பிய சிவப்பு வாளி தொங்கியது.

மங்கலம் இருபது நாள் பொறுத்தாள்.

“என்னாங்க, அந்த ஒத்த வார்த்தைய மாத்துவீங்களா, மாட்டீங்களா?”

“மூலம் இல்லாம எப்பிடி மங்கலம்?”

“அப்போ கெடங்க. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.”

பதிவேட்டில் ‘வேலையை விட்டு நின்றுகொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுக் கிள்ளைக்கு ரயிலேறிவிட்டாள். மறுநாள் மற்ற ஏழு பேரும் அதே வாசகத்தை எழுதிவிட்டுப் பிறந்த வீடு போனார்கள். என் மனைவியும்தான்.

ஓட்டல் சாப்பாட்டில் எனக்கு வயிறு கெட்டது. கலியமூர்த்தியோ சாப்பிடவே இல்லை. மாடியில் மங்கலம் விட்டுப்போன வடாத்துக்குக் காவலாகக் காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

எட்டுப் பேரும் நின்றுவிட்டதைப் பதிவேட்டில் பார்த்த இன்ஸ்பெக்டரிடமிருந்து பத்தாம் நாள் எங்கள் ஆபீசுக்கு ஒரு படிவம் வந்தது. ‘ஆலை இயங்குகிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். கலியமூர்த்தி வெகுநேரம் யோசித்து நிரப்பினார். நடனசபாபதி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மூடிய ஆலைக்கு ஏழு மணிச் சட்டம் கிடையாது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

தாளோடு கிள்ளைக்குப் போனோம். என் மனைவி திரும்புவதும் மங்கலம் கையில்தான் இருந்தது, அதனால் நானும் ஒட்டிக்கொண்டேன். மங்கலம் வாசலிலேயே நிறுத்தினாள்.

“வூடுன்னு எழுதிட்டீங்களா?”

“இல்ல. அதுக்கு மூலம் வேணும்.”

தாளைப் பிடுங்கிப் படித்தாள். ‘ஆலை இயங்கவில்லை. காரணம்: மங்கலம் இல்லை.’

“ஆபீஸ் தாள்லயா எம் பேர எழுதினீங்க?”

“உள்ளதத்தானே எழுதணும்” என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கென்று எழுதிய ஒரே அன்பான வாக்கியம் அதுதான். அதையும் மூன்று பிரதி எடுத்திருந்தார்.