நோய் வீடு பார்த்த கதை

“…ரத்தத்தோட கலந்து எல்லா எடத்துக்கும் போவுமாம் அண்ணி. ஆனா தனக்குத் தோதான எடத்துலதான் தங்குமாம். மார்ல வந்ததுக்கு எலும்பு பிடிச்சிருக்கு. எஸ்டேட்ட வித்து நம்மள வெளியாக்குனப்ப நாம ஊரெல்லாம் வீடு பாத்தோம்ல, அதே கததான்லா.”

சொல்லிவிட்டு அத்தையே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அத்தை சிலிம் ரிவர் என்ற சிற்றூரில் தனியாக இருந்தவர். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வரும் நாள்களில் எங்கள் சமையலறையில் தேத்தண்ணீர் குடித்து, அம்மாவிடம் மனம்விட்டுப் பேசிய பிறகுதான் பஸ் ஏறுவார். அவருக்கென்று இருந்த ஒரே போக்கிடம் அது.

எனக்கு ஒன்பது வயது. மேசையின் மறுமுனையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புற்றுநோய் அவர் உடம்புக்குள்ளேயே இடம் தேடுகிறது என்பது என் காதில் விழவில்லை. வீடு பார்க்கிறது என்பது மட்டும் நன்றாக விழுந்தது. எங்கள் வீடோ காற்றோட்டமான வீடு, மூன்று அறை. நோய்க்குப் பிடிக்காமலா போகும்?

அத்தை போனதும் அவர் குடித்த கோப்பையின் அடியில், அக்காவின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த முறை வந்தபோது தேத்தண்ணீரை அதில்தான் கொடுத்தேன். குடித்து முடித்தவர் வழக்கம்போல் தானே கழுவிக் கவிழ்த்தார். புள்ளி தெரிந்தது.

“என்னடி இது, என் கோப்பைக்கு மட்டும் பொட்டு வச்சிருக்க?”

“ஒங்களுது வேற, எங்களுது வேற அத்தை. ஒங்க நோவு எங்க வீட்டைப் பாத்துரக் கூடாதுல்ல.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது.

“விடுங்க அண்ணி. புள்ள வெவரமாத்தானே இருக்கா” என்றார் அத்தை.

மார்பிலிருந்து கிளம்பும் புற்றணுக்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும், மிஞ்சிய சில எலும்பு போன்ற தோதான இடத்தில் மட்டும் வேர்பிடிக்கும், கோப்பை வழியாக அடுத்தவரைத் தேடி வராது என்பதெல்லாம் நான் வளர்ந்து, படித்துத் தெரிந்துகொண்டது. அன்று தெரிந்ததெல்லாம், அத்தை என்னை மெச்சிவிட்டார் என்பதுதான். அந்த மகிழ்ச்சியில், அடுத்த முறை அவர் வந்தபோது நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அத்தை உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய தன் வீட்டுக் கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.